மாவுக்கட்டுக்கு ஐந்து நட்சத்திரம், முதல் 50 நிமிடத்துக்கு ஒன்று

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளின் கையெலும்பை நேராக்கிக் கட்டுப் போட்ட விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நுழைந்ததிலிருந்து முதல் வலி மருந்து அவள் உடம்புக்குள் போகும்வரை ஆன 50 நிமிடத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்ட காவலாளிக்குத்தான். இரண்டையும் கூட்டி வகுத்து மூன்று என்று போட மனம் வரவில்லை, அதனால் தனித்தனியாகவே இருக்கட்டும். மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் தையல்காரன். தோளிலிருந்து மணிக்கட்டுவரை நாடாவைப் பிடித்தே 22 வருடம் ஓடிவிட்டது. அதனால் எட்டு வயது மகள் பூங்காவில் தொங்குகம்பியிலிருந்து விழுந்து எழுந்தபோது, அவள் இடது கை எத்தனை அங்குலத்தில் கெட்டுப்போயிருக்கிறது என்றே கண் கணக்குப் போட்டது. மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே கை ஒரு படி ஏறி இறங்கியிருந்தது. முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தால் அதன் முதுகு வளைந்திருக்குமே, அப்படி. மருத்துவர்களும் இந்த வளைவுக்கு முள்கரண்டியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. விழும்போது கையை ஊன்றினாள், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அதிகம் முறியும் எலும்பே இதுதானாம்.

பையில் பழைய வாரப் பத்திரிகை ஒன்று இருந்தது. அதை மடித்துக் கைக்கு அடியில் கொடுத்து, துண்டால் தளர்வாகச் சுற்றினேன். வளைவை நிமிர்த்தப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் உடனே கழற்றினேன். வீக்கம் ஏறிவிட்டால் அப்புறம் வாரை வெட்டத்தான் வேண்டும்.

இனி அந்த 50 நிமிடம்.

பதிவு மேசையில் பெயர், வயது, எடை. எடை 24 கிலோ. பிறகு ஒரு சிஸ்டர் வந்து முகங்கள் வரைந்த அட்டையை நீட்டினார். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு படங்கள். மகள் கடைசிக்கு முந்தைய முகத்தைத் தொட்டாள். ஏன் கடைசி முகம் இல்லை என்று கேட்டதற்கு, "அது அழுதுல்லப்பா, நான் இப்ப அழலையே" என்றாள். சிஸ்டர் 8 என்று எழுதிக்கொண்டார். பத்துக்கு எட்டு. எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இருபது நிமிடம் கழித்து நான் எழுந்து போய்க் கேட்டேன். "டாக்டர் பார்த்த பிறகுதான் மருந்து, சார்." டாக்டர் எப்போது வருவார்? "எக்ஸ்ரே வந்ததும்." எக்ஸ்ரே எடுக்கக் கையை இரண்டு பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். எட்டு மார்க் வலியோடு எந்தப் பிள்ளை திருப்பும்? எக்ஸ்ரே அறையில் ஒருமுறை முயன்று பார்த்து, அவள் போட்ட சத்தத்தில் அந்தத் தம்பியே பயந்து எங்களைத் திருப்பி அனுப்பினார். மறுபடி அதே நாற்காலி. பக்கத்து இருக்கைக்காரர், "வலி மருந்து குடுத்துட்டா டாக்டருக்கு எங்க வலிக்குதுன்னு தெரியாமப் போயிடும்" என்று எனக்கு விளக்கினார். முறிந்த எலும்பு மருந்து குடித்ததால் படத்தில் ஒட்டிக்கொண்டு தெரியாது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

கோபம் ஏன் என்றால், இந்தக் காத்திருப்புக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஐபுப்ரோஃபென் சிரப் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு. 24 கிலோவுக்கு 240. ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு போன்ற தடை இல்லையென்றால், டாக்டருக்காகக் காத்திராமல் வாசல் மேசையிலேயே சிஸ்டர் கொடுக்க முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வைத்திருக்கும் மருத்துவமனைகள் உண்டு. அதைவிடப் பலமானதும் இருக்கிறது. ஃபென்டனில் மருந்தை மூக்கில் பனிபோலத் தெளிக்கலாம். ஊசி கிடையாது, கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம், பாதி ஒரு மூக்கில், பாதி மறு மூக்கில். பத்து நிமிடத்துக்குள் வேலை செய்யும். கடைசியில் டாக்டர் வந்ததும் முதலில் கொடுத்தது அதைத்தான். எங்கள் நாற்காலியிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்த அலமாரியிலிருந்து எடுத்தார்கள். அடிக்கணக்கில் எனக்குத் தப்பு வராது.

தெளித்துக் கால் மணி நேரத்தில் அதே எக்ஸ்ரே அறையில், அதே மேசையில், அவளே கையைத் திருப்பி வைத்தாள்.

சரி, இனி நல்ல பகுதி.

வந்த டாக்டர் இளம்பெண். என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "கல், தாள், கத்தரி விளையாடுவியா?" என்று கேட்டார். அடிபட்ட கையாலேயே, பத்திரிகைக் கட்டுக்குள் இருந்தபடி. முஷ்டி பிடிக்கச் சொன்னார், விரல்களை விரிக்கச் சொன்னார், இரண்டு விரலால் கத்தரி காட்டச் சொன்னார். கடைசியாகக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து 'சூப்பர்' என்று வட்டம் போடச் சொன்னார். விளையாட்டு காட்டி அழுகையை நிறுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். அது நரம்புப் பரிசோதனை. கல் மீடியன் நரம்புக்கு, தாள் ரேடியல் நரம்புக்கு, கத்தரி அல்நார் நரம்புக்கு, வட்டம் மீடியனிலிருந்து உள்ளே பிரியும் கிளைக்கு. முறிந்த எலும்பின் முனை எந்த நரம்பையாவது அழுத்தினால் ஆட்டத்தில் ஒன்று வராது. 22 வருடம் கத்தரி பிடித்த எனக்கு, விரல்களைக் கத்தரியாக்க ஒரு தனி நரம்பு வேண்டும் என்று அன்றுதான் தெரியும். பிறகு நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்புகிறதா என்று பார்த்தார். கையை நேராக்கிக் கட்டுப் போட்ட பிறகும் இதே ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினார். அந்த இரண்டாவது ஆட்டத்துக்கே ஒரு நட்சத்திரம் தரலாம்.

முழங்கையையும் தொட்டுப் பார்த்து, அதையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார். முறிந்தது மணிக்கட்டுப் பக்கம், முழங்கை எதற்கு என்று கேட்டேன். முன்கையில் இருப்பது இரண்டு எலும்பு. இரண்டு முனையிலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று முறிந்து குறுகினால் மற்றது எங்காவது மூட்டிலிருந்து நழுவலாம், அதைக் கவனிக்காமல் கட்டுப் போட்டுவிட்டால் பின்னால் பெரிய தொல்லை என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மோன்டெஜ்ஜியா என்ற இத்தாலிய அறுவை மருத்துவர் 1814-இலேயே இந்த வகை ஒன்றை விவரித்திருக்கிறார். எக்ஸ்ரே வந்ததே 1895-இல்தான்.

நடுவில் என்னை வெளியே நிறுத்திவிட்டு, "எப்படிம்மா விழுந்தே?" என்று மகளிடம் தனியாகக் கேட்டார். முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நான் அடித்து ஒடித்தேன் என்று நினைக்கிறாரா? கதவுக்கு வெளியே நின்று யோசித்தபோதுதான் புரிந்தது, எல்லாப் பிள்ளையிடமும் கேட்டால்தான் தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு அது உதவும். ஆனால் இதை எல்லோரிடமும் கேட்போம் என்று என்னிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம்.

படத்தில் ரேடியஸ், அதாவது கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பு, முழுதாக முறிந்து, ஒரு துண்டின் மேல் மறு துண்டு ஏறி நின்றது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னாவில் பச்சைக் குச்சி முறிவு. பச்சைக் குச்சியை ஒடித்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் பட்டை பிடித்துக்கொண்டு நிற்குமே, அது. பெரியவர்கள் எலும்புக்கு இது நடக்காதாம், காய்ந்த குச்சி.

"நூற்றுக்கு நூறு நேராக வர வேண்டியதில்லை" என்று டாக்டர் சொன்னபோது அரைகுறை வேலைக்கு இப்போதே சாக்குச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ளே கூடுதல் துணி மடித்து விடுவோம். ரேடியஸ் எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கத்து வளர்ச்சித் தட்டில்தான் நடக்கிறது. முறிவு அதற்கு அருகில், வயதோ எட்டு, அதனால் உள்மடிப்பு தாராளம். கொஞ்சம் வளைவு மிஞ்சினாலும் வளர வளர எலும்பே தேய்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆனால் எலும்பு தன்னைச் சுற்றித் திருகிப் போயிருந்தால் அது தானாகச் சரியாகாது. வெட்டும்போதே துணியின் நெசவு வாக்கு திருகிவிட்டால் எவ்வளவு மடிப்பு விட்டும் பயனில்லை. அதனால் அவர் முதலில் கவனித்தது திருகலைத்தான்.

இந்த இடத்தில் பெரியவன் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு அவனுக்கும் மணிக்கட்டில் அடி. வேறோர் இடம். அவனுடையது எலும்பு ஒரு பக்கம் லேசாகப் புடைத்த, நசுங்கல் வகை முறிவு. முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு, நான்கு வாரம், மூன்று முறை போய்வந்தோம். ஒரு விடுமுறை முழுக்க நீச்சல் கிடையாது. இந்த டாக்டரிடம் அதைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார். அந்த வகை முறிவு உள்ள 965 பிள்ளைகளை, 23 மருத்துவமனைகளில், பிரிட்டனில் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டிருக்கிறார்களாம். ஒரு பாதிக்கு வெறும் மென்துணிக் கட்டு, அதுவும் விரும்பினால்தான். மறு பாதிக்குக் கெட்டியான கட்டு. மூன்று நாள் கழித்து வலியில் வித்தியாசம் இல்லை. தானே கழற்றும் பட்டையோ துணிக்கட்டோ போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அந்த இடத்துக்கு அன்று நான் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று, இது நசுங்கல் வகைக்கு மட்டும். படம் பார்க்காமல் வீட்டிலேயே முடிவுகட்டிவிடாதீர்கள்.

சின்னவளுக்குக் கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்து நேராக்க முடிவானது. சிரிப்பு வாயுவும் முறிவு இடத்திலேயே மரத்துப்போகும் ஊசியும் என்று இன்னொரு வழியையும் சொன்னார்கள், ஆனால் இரண்டு எலும்பும் போயிருப்பதால் இதுவே மேல் என்றார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவசரப் பிரிவில் இதற்காக மட்டும் மணிக்கணக்கில் தள்ளிப்போடத் தேவையில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு, அதையும் அதன் ஆபத்தையும் சேர்த்தே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு டாக்டருக்கு மருந்தும் மூச்சும் மட்டுமே வேலை, இன்னொருவருக்குக் கை மட்டும். விரலில் கிளிப், மூக்கருகே மெல்லிய குழாய். அந்தக் குழாய் அவள் விடும் ஒவ்வொரு மூச்சையும் திரையில் ஓர் அலையாகக் காட்டியது.

"கண் திறந்தே இருக்கும். கருவிழி ஆடும். பயப்படாதீங்க, அவளுக்கு எதுவும் தெரியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "எங்க போகலாம்?" என்று அவளிடம் கேட்டார்கள். கடலுக்கு என்றாள். மருந்து ஏறி ஒரு நிமிடம் இருக்கும். பேச்சு பாதியில் நின்றது. கண் திறந்திருந்தது, கருவிழி பக்கவாட்டில் துள்ளியது. முன்கூட்டிச் சொல்லியிருந்தும் என் முழங்கால் நடுங்கியது. சொல்லாமல் விட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

டாக்டர் வளைந்த கையை நேராக இழுக்கவில்லை. முதலில் இன்னும் வளைத்தார். அடிவயிறு கலங்கியது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது பிடிபட்டது: ஜிப்பின் பற்கள் விலகி ஏறிக்கொண்டால் மேலே இழுத்து மூடப் பார்க்கக் கூடாது, பின்னால் கொண்டுபோய் மறுபடி கோக்க வேண்டும். பிள்ளைகளின் எலும்பைச் சுற்றியுள்ள உறை தடித்தது. ஒரு பக்கம் அது கிழியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அதைத் தளரவிட்டால்தான் துண்டின் நுனி நுனியோடு சேரும். வளைத்து, கட்டைவிரலால் தள்ளி, மெதுவாக நிமிர்த்தினார். சின்னதாக ஒரு 'டொக்'. கட்டிலருகே வைத்திருந்த குட்டி எக்ஸ்ரே திரையில் இரண்டு எலும்பும் வரிசையில் நின்றன. எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் ஆகியிருக்காது.

கட்டுப் போட்ட அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில்காரன் தொழில்காரனைப் பார்த்த சந்தோஷம். அளவை நல்ல கையில் எடுத்தார். முதலில் காலுறைபோல மெல்லிய நூல்குழாய், அதன்மேல் பஞ்சுச் சுருள், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி. மணிக்கட்டின் புடைத்த எலும்பில் மட்டும் ஒரு துண்டு கூடுதலாக. தண்ணீரை விரல் விட்டுப் பார்த்து, சூடு என்று கொட்டிவிட்டு வேறு பிடித்தார். மாவு இறுகும்போது தானே சூடாகும், வெந்நீரில் நனைத்தால் இன்னும் கூடித் தோலைச் சுட்டுவிடும். இறுகும்வரை விரல் நுனியால் தொடவே இல்லை, உள்ளங்கைதான். விரல் பட்ட குழி உள்ளே எலும்பை உறுத்துமாம். மூன்று இடத்தில் அழுத்திப் பிடித்து நின்றார். முடிந்தபோது கட்டு உருளையாக இல்லை, தட்டையாக, முட்டையை அமுக்கினது போல, நீளவாக்கில் லேசாக வளைந்தும் இருந்தது. கோணலாக இருக்கே என்றேன். "வெளியில உருண்டையா அழகா இருந்தா உள்ள எலும்பு நழுவும் சார்" என்றார். பிறகு அந்த அழகான வேலையை மேலிருந்து கீழ்வரை நீளமாகப் பிளந்துவிட்டார், வீக்கத்துக்கு இடம் வேண்டுமென்று. புதுச் சட்டையைக் கத்தரித்ததுபோல என் மனசு கேட்கவில்லை. பருத்தித் துணியில் மாவைத் தேய்த்து இப்படிக் கட்டும் முறையை 1852-இல் எழுதி வெளியிட்டவர் மாத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். துணிக்காரன் என்ற முறையில் அவருக்கு ஒரு வணக்கம்.

விழித்ததும் மகள், கூரை உருகி ஒழுகியது என்றாள். ஒருமுறை வாந்தி. ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது கொடுத்த தாளுக்கு இரண்டு நட்சத்திரம். நகலின் நகல், எறும்பு எழுத்து, 'வலி அதிகமானால் வரவும்'. எவ்வளவு அதிகம்? நான் விடாமல் கேட்டதால் டாக்டர் தாளின் முதுகில் கையால் எழுதித் தந்தார். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், நாம் விரலை மெல்ல நீட்டிவிட்டாலே துடித்தால், விரல் வெளுத்தால், மரத்தால், காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் அழுதால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வர வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் நின்றுபோகும் ஆபத்து அது. அச்சடித்த தாளில் இருந்திருக்க வேண்டியது இதுதான். முதல் இரண்டு மூன்று நாள் தலையணை வைத்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தோம். கட்டுக்குள் அரித்தால் எதையும் விட்டுச் சொறியக் கூடாது என்றார்கள். என் வீட்டில் அளவுகோலும் பின்னல் ஊசியும் ஒளித்துவைக்கவே ஒரு மாலை போயிற்று.

ஒரு வாரத்தில் ஒரு படம், இரண்டாம் வாரம் ஒரு படம். நழுவினால் பெரும்பாலும் அதற்குள்தான் நழுவும். கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவள் வயதுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். ரம்பத்தின் சத்தத்துக்கு அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கட்டுப் போட்ட அதே அண்ணன் ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அது சுழலாது, அதிரும், அதனால் கெட்டியானதை வெட்டும், தோலோடு தோலாக ஆடும். ஆனாலும் சூடேறும் என்று நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் வெட்டினார். வெளியே வந்த கை மெலிந்து, தோல் உரிந்து, ரோமம் கூடியிருந்தது. தொங்குகம்பிக்கு இன்னும் ஆறு வாரம் தடை, அதே இடத்தில் மறுபடி முறிய வாய்ப்பு உண்டாம்.

அந்த 50 நிமிடத்தைப் பற்றிக் கருத்துப் பெட்டியில் ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தேன். பதில் இல்லை. கட்டைப் பிரித்த அன்று வெளியே போகும் வழி அவசரப் பிரிவின் கூடம் வழியாகத்தான். எங்கள் பழைய நாற்காலியில் ஒரு பையன், கையில் துண்டு சுற்றி. சிஸ்டர் முகங்கள் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். மகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒன்பதாவது நிமிடம் ஊசியில்லாத சிரிஞ்சில் சிரப் வந்தது. என் கடிதத்தாலா, அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் நல்லவரா, தெரியாது. ஒரு நட்சத்திரத்தை இரண்டாக மாற்றியிருக்கிறேன்.